பௌர்ணமியில் விழிக்காத கணினிகள்

உண்ணாமலை வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பினால், அன்றைக்கு என்ன நடந்தது என்பதைக் கணவன் காசி அவள் சாப்பிடுவதைப் பார்த்தே சொல்லிவிடுவான். மிஷின் ஓடிவிட்டது, ஆனால் ஏன் நின்றது என்று பிடிபடவில்லை என்றால் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். மிஷின் ஓடவில்லை, ஆனால் காரணம் தெரிந்துவிட்டது என்றால் இரண்டாம் முறை குழம்பு கேட்பாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிரிடுகிற குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, திருவண்ணாமலையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தவள். பொம்பளைப் பிள்ளை என்று பில் போடுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். ஒருநாள் செத்துப்போனதென்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற ஸ்விட்ச் பெட்டி ஒன்று மேஜையில் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வயிறு உப்பி வெடித்திருந்தது. இன்னொரு பழைய ஸ்விட்சிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பற்றவைத்தாள். விளக்குகள் வரிசையாக எரிந்தன. அடுத்த மாதத்திலிருந்து அவளைத்தான் வெளிவேலைக்கு அனுப்பினார்கள். பிறகு தனியாகத் தொழிலுக்கு வந்தாள். இப்போது ஊருக்குள்ளும் வேங்கிக்கால் பக்கமுமாகப் பதினேழு தனியார் அலுவலகங்களின் நெட்வொர்க் அவள் பொறுப்பில் இருக்கிறது. ஸ்கூட்டரின் இருக்கைக்குக் கீழே ஒயர் முனைகளை நசுக்கிப் பொருத்தும் இடுக்கி, சோதிக்கும் கருவி, கொஞ்சம் கேபிள், ஒரு நீள நோட்டு. பழுது என்ன, காரணம் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பாள்.

அந்த நோட்டில் ஏழு மாதமாக ஒரே ஒரு பக்கத்தில் காரணம் எழுதப்படாமல் இருந்தது. அது சரவணகுமாரின் அலுவலகம்.

போளூர் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், கீழ்த்தளமும் முதல் மாடியும் லாட்ஜாக இருக்கிற கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. பழைய புத்தகங்களையும் பதிவேடுகளையும் படம் பிடித்து, தட்டச்சு செய்து, பிழை பார்த்துக் கொடுப்பது அவர்கள் தொழில். தட்டச்சு செய்பவர்களுக்கு இருபத்திரண்டு கணினிகள். எதற்குள்ளும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. மூலையில் ஒரு கண்ணாடி அறைக்குள் இருக்கிற லினக்ஸ் சர்வரிடமிருந்துதான் அவை தினமும் உயிர் வாங்கிக்கொள்ளும். காலையில் பொத்தானை அழுத்தியதும் கணினி கேபிள் வழியாக ஒரு குரல் கொடுக்கும். எனக்கு ஒரு முகவரி வேண்டும், யாராவது கொடுங்கள் என்று அதற்குப் பொருள். சர்வர் பதில் சொல்லும். இதுதான் உன் முகவரி, நீ விழித்தெழ வேண்டிய கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். கணினி போய் எடுத்துக்கொள்ளும். அரை நிமிடத்தில் திரை வந்துவிடும். இவை தவிர, சரவணகுமாரின் லேப்டாப், கணக்கரின் மேஜை, அச்சு எடுக்கிற மேஜை ஆகிய மூன்றும் விண்டோஸ். அவற்றுக்குச் சொந்த டிஸ்க் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தவளே உண்ணாமலைதான்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மாசி மாதத்தில் ஒருநாள் காலை சரவணகுமார் போன் செய்தார்.

"மேடம், பாதி சிஸ்டம் எழுந்துக்கவே மாட்டேங்குது. கறுப்புத் திரையில ஏதோ இங்கிலீஷ்ல வந்து அப்படியே நிக்குது."

"என்னன்னு வருது சார்?"

"கோப்பு பேரு கிடைக்கலங்கற மாதிரி. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்குக் கூட்டம் வருகிற நாளில் வெளியூர் வண்டிகளை ஊருக்குள் விடமாட்டார்கள்; அவள் வீடோ இன்னும் கீழ்பென்னாத்தூரில்தான். அவள் மறுநாளைக்கு மறுநாள் போனாள். இருபத்திரண்டும் ஒழுங்காக எழுந்தன. எதைத் தட்டினாலும் சரியாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் திரும்ப மனமில்லாமல் ஒரு ஸ்விட்சை மாற்றிவிட்டு வந்தாள். அடுத்த மாதம் மறுபடியும் அதே போன், மறுபடியும் அதே கதை. இந்த முறை சர்வரின் நெட்வொர்க் கார்டை மாற்றினாள். அதற்கும் அது மசியவில்லை.

ஆடி மாதத்தோடு சரவணகுமாரின் பொறுமை தீர்ந்துபோனது. கோபமாகப் பேசுகிற ஆள் இல்லை அவர். அதனாலேயே அவர் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று பட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சென்னைல ஒரு கம்பெனில பேசியிருக்கேன். அடுத்த மாசம் வந்து எல்லாத்துக்கும் தனித்தனியா டிஸ்க் போட்டு மாத்திடறேன்னு சொல்றாங்க. எனக்கும் வேலை நடக்கணும் இல்ல."

"மாத்துங்க சார். வேணாம்னு சொல்லல. ஆனா எதனாலன்னு தெரிஞ்சிக்கிட்டு மாத்தலாமே?"

"ஆறு மாசமா தெரியலையே மேடம்."

உண்ணாமலை பைக்குள் கருவிகளைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது ஆர்த்தி பின்னாலேயே வந்தாள். தட்டச்சுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பக்கம் முடித்தார்கள் என்பதெல்லாம் அவள் பதிவேட்டில் இருக்கும்.

"அக்கா, சிஸ்டம் எழுந்துக்காத நாளெல்லாம் நான் குறிச்சி வெச்சிருக்கேன். பக்கம் கம்மியாச்சின்னா என்னைத்தானே கேப்பாங்க. பாக்கறீங்களா?"

பதிவேட்டின் ஓரத்தில் சிவப்பு மையால் ஏழு தேதிகள். உண்ணாமலை சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு, கிழிக்காமல் மடித்து வைத்திருந்த தாள்களோடு ஒப்பிட்டாள். ஐந்து தேதிகள் பௌர்ணமி.

"அதான் எல்லாருக்கும் தெரியுமே அக்கா," என்றாள் ஆர்த்தி. "பௌர்ணமில வேலை செய்யறது மலைக்குப் புடிக்கலன்னு இங்க பேசிக்கறாங்க. சார் என்னன்னா, ஊரு பூரா லைட்டு போடறாங்க, வோல்டேஜ் கம்மியாவுதுங்கறாரு."

"மாசியிலருந்து ஆறு பௌர்ணமி வந்துச்சே, அஞ்சுதான் இருக்கு?"

"சித்ரா பௌர்ணமிக்கு லீவு விட்டுட்டாங்க."

"சரி. அப்ப இந்த ரெண்டு?"

மிச்சம் இருந்த இரண்டு தேதிகளில் ஒன்று வைகாசியில், ஒன்று ஆனியில். இரண்டுக்கும் பௌர்ணமிக்கும் தொடர்பே இல்லை. வோல்டேஜ் என்றால் அந்த இரண்டு நாளில் ஏன் குறைய வேண்டும்? மலைக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த இரண்டு நாளும் ஏன் பிடிக்காமல் போக வேண்டும்? உண்ணாமலை அந்தத் தாள்கள் இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இரண்டிலும் கீழே சின்ன எழுத்தில் சுபமுகூர்த்த நாள் என்று அச்சாகியிருந்தது.

பௌர்ணமி, முகூர்த்தம். இரண்டிலும் ஊருக்குள் வெளி ஆட்கள் வருவார்கள் என்பதைத் தவிர ஒற்றுமை ஒன்றும் தெரியவில்லை. வெளி ஆட்கள் வந்தால் இரண்டாம் மாடியில் இருக்கிற கணினிக்கு என்ன வந்தது? அதுதான் விளங்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. நோய் வருகிற நாளில் ஒருமுறைகூட அவள் அங்கே இருந்ததில்லை.

ஆவணிப் பௌர்ணமி அன்று காலையில் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. காசி செஞ்சிப் பக்கத்திலிருந்து பக்தர்களை ஏற்றிவர வேன் ஓட்டுகிறவன். அன்றைக்கு அவனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முதல் நடையிலேயே ஏறிக்கொண்டு, திண்டிவனம் சாலையில் போட்டிருந்த தற்காலிகப் பேருந்து நிலையத்தில் இறங்கினாள்.

"ஒரு கம்ப்யூட்டர் பாக்கறதுக்கு இந்தக் கூட்டத்துல நடந்து போறியே," என்றான் காசி.

"பாக்காம இருந்தா தலை வெடிச்சிடும்."

"போ, போ. பாத்துட்டு வா."

அங்கிருந்து நடை. பை கனமாகத்தான் இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஊருக்குள் வந்து, அலுவலகப் படியேறும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

அவள் வேண்டிக்கொண்டு வந்தது நடந்திருந்தது. பாதிக் கணினிகள் எழவில்லை. தட்டச்சு செய்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உண்ணாமலைக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. சரவணகுமார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முதலில் நின்றுபோயிருந்த ஒரு திரைக்கு முன்னால் குனிந்தாள். முகவரி கிடைத்திருந்தது. ஆனால் அவர்களுடைய முகவரி எல்லாம் பத்தில் தொடங்குபவை. இது நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கியது. அடுத்த திரையிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும்.

"சார், உங்க லேப்டாப் எப்படி இருக்கு?"

"என்னுது நல்லாத்தான் இருக்கு. நெட்டு கூட வேகமா வருது. என்ன, பௌர்ணமின்னா இந்த பிரிண்டர் மட்டும் கண்ணுல படாது. சர்வர்ல இருக்கற ஃபைலும் திறக்காது."

"இதை ஏன் சார் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"அது வேற பிரச்சனைன்னு நெனச்சேன்."

லேப்டாப்பிலும் அதே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. உண்ணாமலை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குரல் கொடுத்தால் பதில் சொல்ல இந்த அலுவலகத்தில் ஒரே ஒரு சர்வர்தான் இருக்கிறது. இன்றைக்கு இரண்டாவதாக ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். முகவரியைத் தாராளமாகக் கொடுக்கிறார். ஆனால் கோப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. யார் பதில் முதலில் வருகிறதோ அதை வாங்கிக்கொள்கிற கணினி, சர்வரின் பதிலை வாங்கினால் எழுந்துவிடுகிறது, மற்றவரின் பதிலை வாங்கினால் வழி தெரியாமல் நின்றுவிடுகிறது. சொந்த டிஸ்க் இருக்கிற லேப்டாப்புக்கு அந்தக் கோப்பு தேவையே இல்லை. அதனால் அது எழுந்து, வேறு யாருடைய நெட்டிலோ ஓடிக்கொண்டிருக்கிறது.

சர்வரின் அறைக்குள் போய், இன்று அது யார் யாருக்கு முகவரி கொடுத்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தாள். எட்டு மணி நேரத்தில் அழிந்துவிடுகிற பட்டியல் அது. மற்ற நாட்களில் வந்தபோது அவள் பார்த்ததெல்லாம் சுத்தமான பட்டியல். இன்று அதைப் பார்த்தவுடன் ஆர்த்தியைக் கூப்பிட்டாள்.

"இங்க வைஃபை இருக்கா?"

"எங்கக்கா? போனையே டிராயர்ல வெக்கச் சொல்லிடுவாரு சார்."

"இங்க பாரு. இருபத்தொரு செல்போனுக்கு நம்ம சர்வர் முகவரி குடுத்திருக்கு."

ஆர்த்தி குனிந்து படித்தாள். பெரும்பாலும் போன் மாடலின் பெயர்கள். ஒன்றிரண்டுக்குச் சொந்தக்காரர்களே பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றில் லட்சுமி நெல்லூர் என்று இருந்தது.

"நம்மகிட்ட லட்சுமியே இல்லையே அக்கா," என்றாள் ஆர்த்தி. அவள் குரல் தணிந்துபோயிருந்தது.

உண்ணாமலை பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே எண்ணினாள். கம்பியில்லாத் தொடர்பே இல்லாத ஓர் அறைக்குள், கண்ணுக்குத் தெரியாத இருபத்தொரு பேர் நுழைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கதவு வழியாக வந்தார்கள்?

கதவைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. தன் லேப்டாப்பிலிருந்து அந்த இரண்டாவது ஆளை விடாமல் கூப்பிட வைத்தாள். ஒரு நொடிக்கு ஒருமுறை பதில் வந்து, திரையில் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. இனி ஸ்விட்சிலிருந்து ஒவ்வொரு கேபிளாக உருவ வேண்டும். எதை உருவும்போது பதில் நிற்கிறதோ அதுதான் கதவு.

சரவணகுமார் ஒப்பவில்லை. "பாதிப் பேராவது வேலை செய்யறாங்க மேடம். அதையும் நிறுத்தணுமா?"

"பத்து நிமிஷம் சார். எல்லாரும் செய்யறதை சேவ் பண்ணிட்டு எழுந்து நிக்கட்டும். இன்னைக்கு விட்டா அடுத்த பௌர்ணமிதான்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, எல்லோரும் போய் டீ குடித்துவிட்டு வரட்டும் என்றார். ஒருவரும் போகவில்லை. கண்ணாடி அறையைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள்.

ஆர்த்தி லேப்டாப் திரையைப் பார்த்து "வருது, வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உண்ணாமலை உருவினாள், சொருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து. பதினைந்து. பதினெட்டு. வருது, வருது.

பத்தொன்பதாவதை உருவினாள்.

"நின்னுடுச்சி!"

சொருகினாள். வந்தது. மறுபடி உருவினாள். நின்றது. தேவை இல்லைதான் என்றாலும் மூன்றாவது முறையும் உருவிப் பார்த்தாள்.

அந்தக் கேபிள் எந்த மேஜைக்கும் போகவில்லை. மற்றவற்றோடு சேர்ந்து மேற்கூரைப் பலகைக்குள் ஏறி, பிறகு தனியாகப் பிரிந்து, ஜன்னல் ஓரச் சுவருக்குள் நுழைந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் தானே இதைச் சொருகியது அவளுக்கு நினைவு வந்தது. சுவரிலிருந்து வந்த எல்லா முனைகளையும் ஒரே மூச்சில் சொருகிவிட்டு, எந்த முனை எங்கே போகிறது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

பையிலிருந்து ஒயர் தேடும் கருவியை எடுத்தாள். அதன் ஒரு பாதியைக் கேபிள் முனையில் மாட்டிவிட்டால், பேனா போன்ற மறுபாதியைச் சுவரில் வைக்கும்போது, உள்ளே அந்த ஒயர் ஓடுகிற இடத்தில் எல்லாம் கீச்சென்று கத்தும். கீச்சொலியைப் பின்தொடர்ந்து ஜன்னலிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து மாடிப்படிக்கு வந்தாள். ஆர்த்தியும் கூடவே இறங்கினாள். முதல் மாடியில் லாட்ஜ் தொடங்குகிறது. அங்கே சுவரில் பேனாவை வைத்ததும் சத்தம் கூடியது. சுவரைத் தடவியபடி நடக்கிற இரண்டு பெண்களை, ஈரத் துண்டும் கையுமாக நின்ற யாத்ரீகர்கள் வேடிக்கை பார்த்தார்கள். லாட்ஜ் மேனேஜர் ராமன் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"இன்னாம்மா, சுவத்துல இன்னா தேடுற? பாம்பு கீம்பு பூந்துடுச்சா?"

"ஒயர் தேடறேண்ணா. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஹாலு. கூட்டம் வந்தா மட்டும் திறப்போம். முன்ன தட்டுமுட்டுச் சாமான் போட்டு வெச்சிருந்த ரூமு. தை மாசந்தான் காலி பண்ணி, பெயின்ட் அடிச்சி, பாய் போட்டோம்."

தை மாதம். உண்ணாமலையும் ஆர்த்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் உள்ள பாக்கலாமாண்ணா?"

ஹாலுக்குள் நாற்பது பாய்கள் விரித்திருந்தன. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து அன்று அதிகாலை வந்து இறங்கியவர்கள். குளித்தவர்கள் தலை துவட்டிக்கொண்டும், குளிக்காதவர்கள் படுத்துக்கொண்டும் இருந்தார்கள். ராமனைக் கண்டதும் ஓர் அம்மா போனை நீட்டிக்கொண்டு எழுந்து வந்து, "வைஃபை ராலேது" என்று முறையிட்டார். வைஃபை வரவில்லையாம். பக்கத்துப் பாயில் இருந்தவர் தனக்கு வருகிறதே என்று போனைக் காட்டினார்.

ஜன்னல் திட்டில் ஒரு சின்ன ரவுட்டர் இருந்தது. அதன் பின்புறத்தில் இரண்டு ஒயர்கள். ஒன்று கதவுக்கு மேலே போனது. மற்றொன்று சுவரிலிருந்து வந்தது. உண்ணாமலை சுவரிலிருந்து வந்ததன் மேல் பேனாவை வைத்தாள். அது அலறியது.

"அண்ணா, இதை இங்க யாரு சொருகினது?"

"நான்தான். ஏன்?"

"எதுக்கு சொருகினீங்க?"

ராமன் கதவுக்கு மேலே போன ஒயரைக் காட்டினார். "கீழருந்து நெட்டு வர்ற ஒயரு அது. இது பெயின்ட் அடிக்கசொல்ல சுவத்துல தொங்கினு இருந்துது. முனையெல்லாம் போட்டு ரெடியாத்தான் இருந்துது. ரெண்டும் சொருகினா ஸ்பீடு ஜாஸ்தியா வரும்னு நெனச்சேன்."

"வந்துச்சா?"

"எங்க வந்துது? பாதி பேருக்கு வருது, பாதி பேருக்கு வரமாட்டேங்குது. பௌர்ணமின்னாலே எனக்கு இந்த ரோதனைதான். கூட்டத்துல டவர் தாங்கலன்னு சொல்லிச் சமாளிச்சினு கெடக்கறேன்."

உண்ணாமலைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாடியில் பாதி எழவில்லை, கீழே பாதிக்கு வரவில்லை. ஏழு மாதமாக இரண்டு தளங்களும் ஒரே நோயில் கிடந்து, ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. முதல் மாடி ரவுட்டரின் முகவரியை வாங்கிய கணினிகள் வழி தெரியாமல் நின்றன. தெரியாத கருவிகளுக்கு வெளி நெட்டைத் திறந்துவிடாத இரண்டாம் மாடி சர்வரின் முகவரியை வாங்கிய போன்கள் நெட் இல்லாமல் தவித்தன.

"மத்த நாள்ல இந்த ரவுட்டரை என்ன பண்ணுவீங்க?"

"கழட்டி பீரோல வெச்சிப் பூட்டிடுவேன். ஒருதபா எவனோ எடுத்துனு பூட்டான்."

"வைகாசியில ஒரு நாள், ஆனியில ஒரு நாள். பௌர்ணமி இல்லாம ஹாலைத் திறந்தீங்களா?" ஆர்த்தி தேதியைச் சொன்னாள்.

ராமன் கீழே போய் லாட்ஜ் பதிவேட்டைப் புரட்டிவிட்டு வந்தார். இரண்டும் கல்யாணப் பார்ட்டி. மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருக்கிறார்கள்.

கட்டடச் சொந்தக்காரரின் அலுவலகம் முன்பு இரண்டாம் மாடியில்தான் இருந்ததாம். கீழே வரைக்கும் நெட் கொண்டுபோக அவர் அந்தக் காலத்தில் ஒயர் இழுத்து, பாதியில் விட்டிருக்கிறார். அந்த ஒயர் இரண்டு முனையிலும் ஆள் வருவதற்காக வருடக்கணக்கில் காத்திருந்திருக்கிறது. ஒரு முனையை உண்ணாமலை சொருகினாள். மறு முனையை ராமன் சொருகினார்.

அவள் சுவர் ஒயரை உருவினாள். ஆர்த்தி மாடிக்கு ஓடினாள். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது.

"அக்கா! அணைச்சிட்டுப் போடச் சொன்னேன், எல்லாம் ஏறுது! எல்லாம்... நாலு தவிர."

"எந்த நாலு?"

"போன வாரம் வந்துச்சே, புது சிஸ்டம். நேத்து சாயங்காலந்தான் பிரிச்சி வெச்சோம், இன்னைக்குத்தான் போடறோம்."

உண்ணாமலை மாடிக்கு வந்தபோது அறையே கலகலவென்று இருந்தது. சரவணகுமார் அவளைப் பார்த்துக் கைகூட எடுத்துக் கும்பிட்டார். அவள் அதைக் கவனிக்கவில்லை. நேராகப் போய்ப் புதுக் கணினி ஒன்றுக்கு முன்னால் குனிந்தாள். முகவரி சரியாகப் பத்தில்தான் தொடங்கியது. சர்வரிடம்தான் வாங்கியிருக்கிறது. கோப்பையும் எடுத்திருக்கிறது. எடுத்த பிறகு, பிடிக்காததை வாயில் போட்ட குழந்தை மாதிரி துப்பிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

"இதுவும் லாட்ஜ்தானா மேடம்?" என்றார் சரவணகுமார்.

"இல்ல சார். இது வேற." திரையில் வந்த கடைசி வரியையும் படித்துவிட்டுச் சொன்னாள்: "இது என் தப்பு."

பழைய கணினிகள் எழுந்திருக்கிற முறை ஒன்று, புதிதாக வருகிறவை எழுந்திருக்கிற முறை வேறு. இரண்டுக்கும் ஒரே கோப்பு ஒத்துவராது. மூன்று வருடத்துக்கு முன் இங்கே இருந்தவை எல்லாம் பழைய வகை. அதனால் யார் வந்து கேட்டாலும் அந்த ஒரே கோப்பைக் கொடு என்று சர்வருக்கு எழுதி வைத்திருந்தாள். புதிய வகை வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்ததோடு சரி.

உட்கார்ந்து மாற்ற ஆரம்பித்தாள். குரல் கொடுக்கும்போதே கணினி தான் எந்த வகை என்பதையும் சேர்த்துச் சொல்லும். அதைக் கேட்டு, பழையதற்குப் பழைய கோப்பையும் புதியதற்குப் புதிய கோப்பையும் கொடுக்கும்படி எழுதினாள். எழுதி முடித்து, சர்வரில் முகவரி கொடுக்கிற நிரலை நிறுத்தித் துவக்கினாள்.

"அக்கா," என்று தயங்கிக்கொண்டே வந்தாள் ஆர்த்தி. "அணைச்சிப் போட்ட மூணும் இப்ப எழுந்துக்கல. பழசுதான்."

உண்ணாமலை வரிவரியாக மறுபடி படித்தாள். ஓர் இடத்தில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அந்த ஒரு புள்ளிக்காகச் சர்வர் கோபித்துக்கொண்டு, ஒருவருக்கும் முகவரி கொடுக்காமல் உட்கார்ந்திருந்தது. புள்ளியை வைத்தாள். பழைய மூன்றும் எழுந்தன. புதியவற்றில் முதலாவது எழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவது முரண்டு பிடித்தது. கையெழுத்து இல்லாத கோப்பை ஏற்கமாட்டேன் என்கிற பாதுகாப்பு அமைப்பு அதில் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் அதுவும் எழுந்தது. அப்போது மணி மூன்று. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஆர்த்தி தயிர்சாதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

சரவணகுமார் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சென்னைக்காரங்ககிட்ட வர வேணாம்னு சொல்லிட்டேன். என்ன பிரச்சனை, எப்படி சரியாச்சின்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

"கீழ் வீட்டுக்காரரு நம்ம ஆளுங்களுக்கு விலாசம் எழுதிக் குடுத்துட்டு இருந்தாருன்னு சொல்லுங்க சார்."

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நான்கூட மலையில விளக்கு போட்டு வேண்டிக்கலாம்னு இருந்தேன் மேடம். நெஜமா."

"போடுங்க சார். அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல. நானும் வரேன்."

அன்றே கிளம்பியிருக்கலாம். ஆனால் அவள் கிளம்பவில்லை. எல்லாக் கேபிள்களையும் ஒவ்வொன்றாகத் தேடி, இரண்டு முனையிலும் எண் எழுதிய துண்டுகளை ஒட்டினாள். எங்கேயும் போகாத இன்னும் இரண்டு ஒயர்கள் அகப்பட்டன. அவற்றையும் உருவிப் போட்டாள். நீள நோட்டில் காரணம் எழுதும் இடத்தில் ராமன் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். அதற்குக் கீழே தன் தப்பு இரண்டையும் எழுதினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராமன் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். ஹாலில் வைஃபையை முறையாக அமைத்துத் தர வேண்டும், இனிமேல் ஒயரில் கை வைக்கமாட்டேன் என்றார். உண்ணாமலை ரவுட்டரைச் சுவரில் உயரத்தில் பூட்டோடு சேர்த்துப் பொருத்தினாள். வேலை முடிந்து ஏணியிலிருந்து இறங்கும்போது, காபி டம்ளரை நீட்டியபடி ராமன் பேச்சுவாக்கில் சொன்னார்.

"இன்னொரு ரோதனை இருக்குதும்மா. அது உன் வேலை இல்ல, எலக்ட்ரீஷியன் வேலை. மேல மொட்டைமாடி மோட்டாரு, யாரும் சுவிட்சு போடாம அதுவா ஓடுது. ரெண்டு பேரு வந்து பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டுப் பூட்டாங்க."

"அதுவா ஓடுதா?"

"அதுவா. அப்பால அதுவே நின்னுடுது."

அவள் காபியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டாள்.

"மொட்டைமாடிக்கு எந்தப் பக்கம்ணா படி?"